கப்பலில் அம்மாவுக்கு ஒரு டம்ளர் காபி

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பெற்றோரின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அவர்களைச் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு அழைத்துச் செல்கிறார், அம்மாவுக்கு விடிகாலை ஐந்து மணிக்குக் காபி குடித்தே பழக்கம், கப்பலில் நல்ல காபி எங்கே கிடைக்கும், கிடைக்காதென்றால் மின்கெட்டிலையும் பில்டரையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாமா? கேள்வியை நான் இரண்டு முறை படித்தேன். நல்ல காபி இன்றைய பெரிய பயணக் கப்பல்களில் தேடினால் கிடைத்துவிடும். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, ‘இதுதாங்கண்ணு காபி’ என்று மகனிடம் சொல்லும்படியான காபி கிடைக்குமா என்பதையே அவர் உண்மையில் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல காபி வேறு, நம் வீட்டுக் காபி வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு கப்பல் ஏறுகிறவர்கள்தாம் முதல் நாள் காலையிலேயே முகம் சுளிக்கிறார்கள்.

நான் 14 ஆண்டுகள் பயணக் கப்பல்களில் பானங்கள் பிரிவில் வேலை பார்த்தவன். அவற்றில் கடைசி 5 ஆண்டுகள் காபி பாரின் பொறுப்பு என்னிடம் இருந்தது. இப்போது ஈரோட்டில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். ஆகவே கப்பல் காபியும் தெரியும், நம்மூர் நாக்கும் தெரியும். ஆனால் நான் இருந்த கப்பல்கள் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலும் கரீபியனிலும் ஓடியவை. சிங்கப்பூர்ப் பக்கம் இரண்டு பருவங்கள்தாம் வேலை பார்த்தேன். நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறும் என்பதால், எது எங்கும் பொருந்தும், எதை நீங்கள் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன்: மின்கெட்டில் வேண்டாம். கெட்டில், தண்ணீருக்குள் விட்டுச் சூடாக்கும் காயில், சூடேற்றும் தட்டுள்ள காபி இயந்திரம், இஸ்திரிப் பெட்டி ஆகியவை பெரும்பாலான நிறுவனங்களின் தடைப்பட்டியலில் இருக்கின்றன. நடுக்கடலில் கப்பலுக்குத் தீயைவிடப் பெரிய எதிரி கிடையாது என்பதால் இதில் யாரும் தளர்வு காட்டமாட்டார்கள். பெட்டியைச் சோதிக்கும்போது எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள். பி அண்ட் ஓ, குனார்ட் போன்ற பிரிட்டிஷ் மரபுக் கப்பல்களில் அறையிலேயே கெட்டில் வைத்திருப்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத் தேநீர் இல்லாமல் ஆகாது. உங்கள் கப்பலில் அறைக்குள் கெட்டில் உண்டா என்று பயண முகவரிடம் ஒரு வரி கேட்டுவிட்டால், பின்னால் நான் சொல்லப்போகும் பாதிச் சிரமம் குறைந்துவிடும். பில்டரின் கதை வேறு. அதில் மின்கம்பியும் இல்லை, சூடேற்றும் பாகமும் இல்லை. அது வெறும் பாத்திரம். நான் பார்த்தவரை அதை யாரும் எடுத்து வைத்துக்கொண்டதில்லை. ஆனாலும் வாயிலில் நிற்கும் பாதுகாப்பு அலுவலரின் முடிவே இறுதியானது; கனமான உலோக உருளை ஒன்று திரையில் தெரிந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார். துணிமணிகளுக்கு நடுவில் பொதிந்து வைக்காமல், மேல் பாத்திரத்தையும் கீழ்ப் பாத்திரத்தையும் தனித்தனியாகக் கழற்றி மேலாக வைத்துவிடுங்கள்.

இனி, கப்பல் காபி ஏன் அப்படி இருக்கிறது என்பதைப் பார்ப்போம். மூவாயிரம் நாலாயிரம் பேர் இரண்டரை மணி நேரத்துக்குள் காலைச் சிற்றுண்டி உண்டு முடிக்கும் பஃபே கூடத்தில், யாரும் கோப்பை கோப்பையாகக் காபி போட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கே இரண்டு வழிகளில் ஒன்றைக் கையாள்கிறார்கள். ஒன்று, கெட்டியாக்கப்பட்ட காபிச் சாற்றை வாங்கி இயந்திரத்தில் பொருத்திவிடுவது; பொத்தானை அழுத்தினால் அது வெந்நீரோடு கலந்து சில நொடிகளில் கோப்பையை நிரப்பும். சக்கை மிஞ்சாது, ஆள் வேண்டாம், முதல் கோப்பையும் மூவாயிரமாவது கோப்பையும் ஒரே மாதிரி இருக்கும். சக்கை மிஞ்சாதது கப்பலில் சிறிய லாபம் அன்று. உணவுக் கழிவை அரைத்த பிறகும்கூடக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு இந்தப் பக்கம் கொட்டக்கூடாது என்பது சர்வதேச விதி. மற்றொன்று, பெரிய அளவில் வடித்துச் சூடான கலனில் நிரப்பி வைப்பது. வடித்த அரை மணி நேரம் வரை அது குடிக்கத் தகுந்த காபிதான். அதன் பிறகு சூடு படப்பட, காபியிலுள்ள குளோரோஜெனிக் அமிலங்கள் உடைந்து ஒரு காந்தல் புளிப்பும் கசப்பும் ஏறிவிடும். டிகாஷனை அடுப்பில் நேராக வைத்துச் சூடு பண்ணக்கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இதுவே காரணம். அமெரிக்கப் பழக்கத்தையொட்டி இந்தக் காபியை நீளமாக, நீர்த்தாற்போலவே வடிப்பார்கள். பால் ஊற்றாமல் குடிப்பவருக்கு அது சரி. நம் அம்மா அதில் பாலை ஊற்றினால் வெந்நீரில் பால் கலந்தது போலத்தான் இருக்கும். ஆகவே பஃபே காபியைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

தேட வேண்டிய இடம் காபி பார். பெரிய கப்பல்களில் நடு மண்டபத்துக்கு அருகிலோ உலாவீதி போன்ற தளத்திலோ எஸ்பிரஸோ இயந்திரம் வைத்த ஒரு கடை இருக்கும். பிரின்சஸ் கப்பல்களில் இன்டர்நேஷனல் கஃபே, செலிப்ரிட்டியில் கஃபே அல் பாசியோ என்று பெயர்தான் மாறும். 2010-இல் ராயல் கரீபியனின் அல்லூர் ஆஃப் தி சீஸ் கப்பலில், கடலில் மிதக்கும் முதல் ஸ்டார்பக்ஸ் திறந்தார்கள்; காபிக்கென்றே தனியாகக் காசு கொடுக்கப் பயணிகள் தயார் என்பது நிறுவனங்களுக்கு அப்போது நன்றாகவே தெரிந்துவிட்டது. இங்கே கொட்டையை உங்கள் கண்ணெதிரே அரைத்து, உங்களுக்கென்று ஒரு கோப்பை போட்டுத் தருவார்கள். பயணச்சீட்டில் அடங்கிய பஃபே காபியைப் போலன்றி இதற்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. விலைப்பட்டியலில் உள்ள தொகைக்கு மேல் சேவைக் கட்டணமும் சேரும், அமெரிக்க நிறுவனங்களில் அது 18 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். நான்கு இரவுப் பயணத்தில் அம்மாவும் அப்பாவும் நாளைக்கு இரண்டு காபி குடித்தால் ஆகும் தொகையைக் கூட்டிப் பார்த்த பிறகு, பானங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே தொகையாக முன்கூட்டியே கட்டிவிடும் பானத் தொகுப்பை வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள். காபி மட்டும் குடிக்கிறவர்களுக்கு மதுவும் அடங்கிய பெரிய தொகுப்பு ஒருநாளும் கட்டுப்படியாகாது.

காபி பாருக்குப் போய் என்ன கேட்பது என்பதில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். நானும் தவறியிருக்கிறேன், அந்தப் பக்கம் நின்றுகொண்டு. பார்சிலோனாவிலிருந்து புறப்பட்ட ஒரு பயணத்தில் கரூரைச் சேர்ந்த வயதான தம்பதியர் வந்திருந்தார்கள். முதல் நாள் காலை அந்தப் பெரியவர் பஃபேயில் வாங்கிய கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டே என்னிடம் வந்து, சட்டையிலிருந்த பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டு, “தம்பி தமிழுங்களா? இது காபிங்களா, கசாயமுங்களா?” என்றார். ஊர்க்காரர் வந்துவிட்ட மகிழ்ச்சியில், நான் கற்ற வித்தையெல்லாம் காட்டி, மேலே இலைக்கோலம் வரைந்து ஒரு கப்புச்சினோ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, “நொரை நல்லா இருக்குதுங்க தம்பி, காபிதான் அடியில போயிருச்சு” என்றார். அவர் சொன்னது சரி. கப்புச்சினோவில் நுரைதான் பெரும்பங்கு. லாட்டேயில் பால்தான் பெரும்பங்கு. நமக்குப் பழக்கமான விகிதம் இரண்டிலும் இல்லை. மறுநாள் இரண்டு ஷாட் எஸ்பிரஸோவைச் சிறு கண்ணாடி டம்ளரில் பிடித்து, அதைவிடச் சற்றுக் கூடுதலான முழுப்பாலை நுரை கட்டாமல் நன்றாகச் சூடாக்கி ஊற்றி, சர்க்கரையைக் கலக்கியே கொடுத்தேன். அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் ஆறரை மணிக்கு இருவரும் வந்துவிடுவார்கள்.

நீங்களும் எஸ்பிரஸோவை டிகாஷனாக எண்ணிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 18 கிராம் தூளில் 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி 25 முதல் 30 நொடிக்குள் எடுக்கும் 36 கிராம் சாறு அது. நம் பில்டரின் முதல் டிகாஷனைவிடவும் கெட்டியானது. கேட்கும் முறை இப்படி இருக்கட்டும்: டபுள் எஸ்பிரஸோ, ஹோல் மில்க், நோ ஃபோம், எக்ஸ்ட்ரா ஹாட், சிறிய கோப்பையில். பட்டியலில் கார்ட்டாடோ என்று இருந்தால் அதுவே இதற்கு மிக நெருக்கமானது. இல்லாவிட்டால் ஃபிளாட் ஒயிட். ‘எக்ஸ்ட்ரா ஹாட்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பால் 65 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று காபி பார்களில் பயிற்சி கொடுத்திருப்பார்கள். நுரையின் இனிப்பு கெடாமலிருக்க அந்த அளவு சரிதான். பொங்கி இறங்கிய பாலில் கலந்து ஆற்றிக் குடிக்கிற நமக்கு அது ஆறிப்போன காபி. இத்தாலிய மரபில் வந்த கோஸ்டா, எம்.எஸ்.சி. போன்ற கப்பல்களாக இருந்தால் உங்களுக்கு இன்னும் வசதி. இத்தாலியக் கலவைகளில் அராபிக்கா என்னும் கொட்டை வகையோடு ரொபஸ்டா என்னும் வகையையும் சேர்ப்பது வழக்கம் என்பதால் சாறு தடித்து, பாலை ஊற்றினாலும் காபி முன்னால் நிற்கும். அராபிக்காவில் காஃபின் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் சுமார் 2.2 சதவீதம், கசப்பிலும் சாற்றின் தடிப்பிலும் அந்த வேறுபாடு நாக்குக்குத் தெரியும். நம் ஊர்க் கடைகளில் ‘ஸ்ட்ராங்கா வேணுங்க’ என்று கேட்பவருக்கு ரொபஸ்டாவைச் சற்றுக் கூட்டிப் போடுவதும் இதற்காகத்தான்.

இவ்வளவு செய்தும் வீட்டுக் காபிக்கு ஒரு படி கீழேதான் நிற்கும். அதற்குச் சிக்கரி, பால், தண்ணீர் என்று மூன்று காரணங்கள். சிக்கரி கப்பலில் இருக்காது. அது ஒரு செடியின் கிழங்கு போன்ற வேர். வறுத்து அரைத்தால் காபியைவிட வேகமாகவும் நிறையவும் நீரில் கரையும், காஃபின் அறவே கிடையாது. டிகாஷன் கள்ளிச்சொட்டாக இறங்குகிறது என்று நாம் மெச்சுவதில் பாதிப் புகழ் சிக்கரிக்குத்தான் சேரவேண்டும். காபிக்கடைக்காரன் இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நானே என் வீட்டுக்கு 20 சதவீதம் சேர்த்துத்தான் அரைத்துக்கொள்கிறேன். காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, விகிதத்தை உறையில் போட வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. வீட்டில் இப்போது வாங்கும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். அதில் சிக்கரி 40-க்கு மேல் இருந்தால் உங்கள் அம்மாவுக்குக் கப்பல் எஸ்பிரஸோ மிகவும் புளிப்பாகத் தோன்றும் என்பதை இங்கிருந்தே சொல்லிவிடலாம். 15, 20 என்றிருந்தால் இரண்டு நாளில் பழகிவிடுவார்.

பால்தான் எனக்கு எப்போதும் பெரிய குறையாகப் பட்டது. பல நாள் கெடாமல் இருக்க வேண்டும் என்பதால் கப்பலில் ஏறுவது பெரும்பாலும் 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடாக்கி அடைத்த பால். அதில் ஒரு வெந்த வாடை இருக்கும். காலையில் கறந்த பாலிலோ ஆவின் பாலிலோ காபி குடித்தவர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். கொழுப்பும் குறைவு. ஆவின் ஆரஞ்சு உறைப் பாலில் 6 சதவீதமும் பச்சை உறைப் பாலில் 4.5 சதவீதமும் கொழுப்பு உண்டு. கப்பலில் முழுப்பால் என்பதே 3.5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வாடையை ஒன்றும் செய்ய முடியாது. கொழுப்பைச் சரிசெய்யலாம். அமெரிக்க நிறுவனங்களின் கப்பலாக இருந்தால் காபி மேசையில் ஹாஃப் அண்ட் ஹாஃப் என்று ஒன்று வைத்திருப்பார்கள். பாலும் கிரீமும் கலந்தது, ஏறத்தாழ 12 சதவீதக் கொழுப்பு. முழுப்பால் மூன்று பங்குக்கு அது ஒரு பங்கு சேர்த்துச் சூடாக்கித் தரச் சொன்னால் ஐந்தரை சதவீதத்துக்கு மேல் வந்துவிடும், பச்சை உறைக்கும் ஆரஞ்சு உறைக்கும் நடுவில். பக்கத்திலேயே சிறு குப்பிகளில் இருக்கும் கிரீமர் பலவற்றில் பாலே இருக்காது, தாவர எண்ணெய்தான் இருக்கும். உறையைப் படித்துவிட்டு எடுங்கள்.

தண்ணீரைப் பற்றி நம் பக்கத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறுவாணித் தண்ணீரில் போட்ட காபிக்கும், அதே தூளை அவிநாசிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட காபிக்கும் உள்ள வேறுபாட்டைக் கோயம்புத்தூரில் பெண் கொடுத்து எடுத்த எல்லாக் குடும்பங்களும் அறியும். சிறுவாணி உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். எந்தப் போட்டியில் யார் அளந்தார்கள் என்பதை எனக்கு இதுவரை ஒருவரும் காட்டியதில்லை, ஆகவே அதைப் பெருமைக் கணக்கில் வைத்துவிடுகிறேன். அது மலையிலிருந்து வரும் மென்னீர் என்பதும், மென்னீரில் காபியின் மணம் தெளிவாக எழும் என்பதும் உறுதியானவை. கப்பல் தன் நீரில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது: எஞ்சினில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டு கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கியோ, சவ்வின் வழியே அழுத்தி உப்பைப் பிரித்தோ எடுக்கிறார்கள். அப்படி வரும் நீரில் தாதுக்களே இருக்காது என்பதால் சுண்ணாம்புப் படுகையின் வழியே விட்டுக் கொஞ்சம் தாது சேர்ப்பார்கள், பிறகு கிருமிநாசினி. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில், குழாயில் வரும் குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 5 மில்லிகிராமைத் தாண்டாமலும் குளோரின் போன்ற கிருமிநாசினி இருந்தாக வேண்டும் என்பது அந்நாட்டு நலத்துறையின் விதி. குடிக்க அது பாதுகாப்பான நீர், ஐயமே வேண்டாம். காபியில் அந்த வாடை தெரியும். காபி பாரின் இயந்திரங்களுக்கு முன்னால் கரி வடிகட்டி பொருத்தியிருப்பதால் அங்கே தெரியாது. அறைக் குழாய்த் தண்ணீரைக் காபிக்குப் பயன்படுத்தாமலிருக்க இதுவே போதிய காரணம்.

சிலர் விமானத்தில் காபி சப்பென்று இருந்ததை நினைத்துக் கப்பலிலும் அப்படித்தான் என்று அஞ்சுகிறார்கள். அது வேறு கதை. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டி உயரத்துக்கு ஒப்பானது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கப்பல் கடல் மட்டத்தில் மிதக்கிறது, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்த வகையில் வால்பாறையிலும் ஏற்காட்டிலும் இருப்பவர்களைவிடக் கப்பலில் இருப்பவருக்கு வசதி அதிகம்.

இப்போது பில்டரை எடுத்துப் போய் நாமே போடுவதற்கு வருகிறேன். முடியும், ஆனால் வெந்நீர்தான் சிக்கல். பஃபேயின் வெந்நீர்க் குழாயில் வருவது கொதிநீர் அன்று. ஒரு முறை வெப்பமானி வைத்துப் பார்த்தேன், கோப்பையில் 84 டிகிரி இருந்தது. காபி நன்றாக இறங்க 90 முதல் 96 டிகிரி வேண்டும். ஆறின பில்டரில் ஊற்றினால் அந்த 84-உம் 75-க்குப் போய்விடும், டிகாஷன் பழுப்புத் தண்ணீராக இறங்கும். நான் முதன்முதலில் அறையில் போட்டுப் பார்த்தது அப்படித்தான் ஆயிற்று. பிறகு கற்றுக்கொண்டது இது: முந்தின இரவு அறைக் கதவில் மாட்டும் காலைச் சிற்றுண்டிச் சீட்டில் தேநீருக்கான கொதிநீரையும், ஒரு சிறு ஜாடி சூடான முழுப்பாலையும் எழுதி மாட்டிவிடுங்கள், இந்தச் சீட்டு முறை உங்கள் கப்பலில் உண்டா, அதற்குக் கட்டணம் உண்டா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஜாடியில் வரும் நீர் கோப்பையில் பிடிக்கும் நீரைவிடச் சூடாக இருக்கும். அதில் கொஞ்சத்தைக் காலிப் பில்டரில் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிட்டு, தூளை வீட்டில் போடுவதைவிட ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு, அமுக்கியால் இலேசாக மட்டும் அமர்த்தி, மீதி நீரை ஊற்றி மூடி, கைத்துண்டால் சுற்றி, முகம் கழுவும் தொட்டிக்குள் வைத்துவிடுங்கள். கப்பல் ஆடினாலும் தொட்டிக்குள் கவிழாது, கவிழ்ந்தாலும் கம்பளத்தில் கறைபடாது. இருபது நிமிடத்தில் டிகாஷன் தயார். சக்கையைக் கழிப்பறையிலோ தொட்டியிலோ கொட்டவே கூடாது. கப்பல் கழிப்பறைகள் வெற்றிடத்தால் உறிஞ்சும் குழாய்களில் ஓடுகின்றன, அடைத்துக்கொண்டால் உங்கள் அறையோடு நிற்காமல் வரிசையாகப் பல அறைகளுக்குத் தொல்லை. காகிதத்தில் மடித்துக் குப்பைக் கூடையில் போடுங்கள்.

தூளை 50 கிராம் பொட்டலங்களாக நான்கு, காற்றுப் புகாமல் ஒட்டியதாக வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒன்று பிரித்தால் போதும். 200 கிராமை ஒரே டப்பாவில் கொண்டுபோனால் மூன்றாம் நாளுக்குள் ஈரம் குடித்து மணம் இறங்கிவிடும். கடல் ஈரம் காபியை எவ்வளவு மாற்றும் என்பதற்கு நம் மேற்குக் கரையிலேயே சான்று உண்டு. பாய்மரக் கப்பல்களில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போன இந்தியப் பச்சைக்கொட்டை, வழியில் ஈரம் ஏறி வெளிறி, புளிப்புக் குறைந்து போய்ச் சேர்ந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்களும் வந்து பயணம் சுருங்கிய பிறகு, அந்தப் பழைய சுவைக்குப் பழகியவர்கள் அதையே கேட்டார்கள். அதற்காக மங்களூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் பருவமழைக் காற்றில் கொட்டையைப் பரப்பி வேண்டுமென்றே ஈரமேற்றுவதுதான் இன்று மான்சூன்டு மலபார் என்று விற்பது. பச்சைக்கொட்டைக்கு அந்த ஈரம் ஒரு சுவையைக் கொடுத்தது. அரைத்த தூளுக்கு அது கேடு மட்டுமே.

இவ்வளவு ஏற்பாடு அம்மாவின் ஒரு டம்ளருக்கு அதிகம் என்று தோன்றினால், நான் வெட்கப்படாமல் சொல்வது இது: சிக்கரி கலந்த உடனடிக் காபித் தூள் சிறு பொட்டலங்களாகப் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 90 டிகிரி தேவையில்லை, 80 டிகிரி நீரிலும் முழுதாகக் கரையும். இரண்டு பொட்டலத்தை அரைக் கால் டம்ளர் வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, காபி பாரில் சூடாக்கி வாங்கிய பாலை ஊற்றினால், புளிப்பான எஸ்பிரஸோவைவிட அது உங்கள் அம்மாவுக்குப் பிடித்துப்போக வாய்ப்பு அதிகம். தொழில்காரன் என்ற முறையில் எனக்கு எஸ்பிரஸோதான் மேல். ஆனால் குடிக்கப்போவது நான் அல்லவே.

ஐந்து மணியைப் பற்றிய கவலையை நீங்கள் பாதி விட்டுவிடலாம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். கோபியில் ஐந்து அடிக்கும்போது அங்கே ஏழரை. அம்மாவின் உடம்பு முதல் இரண்டு நாள் ஊர்க் கணக்கிலேயே எழும் என்பதால், எழும்போது காபி பார் திறந்தே இருக்கும். கூட்டம்தான் புதுத் தொல்லை: ஏழரை முதல் ஒன்பதரை வரை அங்கே வரிசை நீளும், அவசரத்தில் பாலைச் சரியாகச் சூடாக்க மாட்டார்கள். நீங்கள் ஆறே முக்கால் சுமாருக்கு எழுப்பிவிட்டால் அமைதியாகக் குடிக்கலாம். காற்று வீசிக் கப்பல் ஆடும் காலையில் மட்டும் வெறும் வயிற்றில் காபி வேண்டாம், முதலில் ஒரு ரொட்டித் துண்டோ பிஸ்கட்டோ கொடுங்கள். கடல் குமட்டலுக்கு மாத்திரை போடுவதாக இருந்தால், அம்மா வழக்கமாக உண்ணும் மருந்துகளோடு அது ஒத்துப்போகுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்; அது என் துறை அன்று.

கரையில் கிடைப்பதையும் விட்டுவிடாதீர்கள். கப்பல் ஏறும் நாள் காலையில் சிங்கப்பூரில் நேரம் இருந்தால், சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் பில்டர் காபி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அங்கத்திய உணவங்காடிகளில் கோப்பி என்று விற்பது வேறு. சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டையைத் துணிப்பையில் வடித்து, குறுகக் காய்ச்சிய இனிப்புப் பால் ஊற்றித் தருவார்கள். அம்மாவுக்கு அது பிடிக்குமோ என்னவோ, அப்பாவுக்குப் பிடித்துவிடும் என்று நினைக்கிறேன். உங்கள் பயணத்தில் பினாங்கு இருந்தால் இன்னும் நல்லது. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம், அங்கே தமிழிலேயே கேட்டுக் காபி குடிக்கலாம்.

கடைசியாக, இரண்டு எவர்சில்வர் டபரா டம்ளர்களையும் பில்டரோடு சேர்த்து எடுத்துப் போங்கள். கப்பலில் தரும் பீங்கான் குவளை நம் டம்ளரைப் போல இரண்டு மடங்கு கொள்ளும். கொஞ்சமாக ஊற்றினால் சட்டென்று ஆறிவிடும், நிறைய ஊற்றினால் நீர்த்துவிடும். காபி பாரில் அந்த டம்ளரை நீட்டினால் சுகாதார விதியைச் சொல்லி அதில் நேராகப் பிடித்துத் தர மறுப்பார்கள், அதற்காக வருந்த வேண்டாம். அவர்கள் கோப்பையில் வாங்கி மேசையில் வந்து மாற்றிக்கொள்ளலாம். மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் அணைத்த கடல், பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். இருந்தாலும் கப்பல் நிற்பது போலத் தோன்றும்போதே இலேசாகச் சாயும். வீட்டில் நின்றுகொண்டு முழங்கை உயரத்துக்குத் தூக்கி ஆற்றுகிறவராக இருந்தால், இந்த நான்கு நாளும் அம்மாவை உட்கார்ந்தபடி ஒரு சாண் உயரத்திலேயே ஆற்றச் சொல்லுங்கள்.